சிறிய கடல்நீர் மீன்தொட்டி

சிறிய கடல்நீர் மீன்தொட்டி என்பது கடல் மீன்களையும் பவளம் முதலிய முதுகெலும்பிலிகளையும் வீட்டில் வளர்ப்பதற்குப் பயன்படும், பொதுவாக 150 லிட்டருக்கு உட்பட்ட கொள்ளளவு கொண்ட கண்ணாடித் தொட்டி ஆகும். நீரின் அளவு குறைவாக இருப்பதால் இதன் வெப்பநிலை, உப்புத்தன்மை, கழிவின் செறிவு ஆகியன விரைவில் மாறக்கூடியவை. பெரிய தொட்டியில் தாங்கிக்கொள்ளப்படும் சிறு தவறும் இங்கு உயிரிழப்பில் முடியலாம். எனவே ஒளியின் அளவும் மீன்களின் எண்ணிக்கையும் தனித்தனியாக அன்றி, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தே தீர்மானிக்கப்படுகின்றன.

வரலாறு

பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் 1853 ஆம் ஆண்டில் இலண்டன் விலங்கியல் பூங்காவில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப் என்றி கோசு எழுதிய "தி அக்குவாரியம்" என்னும் நூல் வெளிவந்தது. இது வீடுகளில் கடல் உயிரினங்களை வளர்க்கும் ஆர்வத்தை இங்கிலாந்தில் பரப்பியது. 1960களின் தொடக்கத்தில் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் உயிர்ப்பாறை, காற்றுக்குமிழ், சூரிய ஒளி ஆகியவற்றைக் கொண்டு பவளங்களை வளர்க்கும் முறையை வெளியிட்டார். நுண்ணுயிர்கள் குடியேறிய பவளப்பாறைத் துண்டுகளே உயிர்ப்பாறை எனப்படுகின்றன.

நீரின் தன்மை

கடல்நீரில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. தொட்டிகளில் நீரின் ஒப்படர்த்தி 1.023 முதல் 1.026 வரையிலும், வெப்பநிலை 24 முதல் 27 பாகை செல்சியசு வரையிலும், பி.எச். மதிப்பு 8.0 முதல் 8.4 வரையிலும் பேணப்படுகின்றன.

80 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உள்ள தொட்டியின் கொள்ளளவு 112 லிட்டர் ஆகும். மணலும் பாறையும் இட்ட பின்னர் அதில் சுமார் 90 லிட்டர் நீரே இருக்கும். அதில் 9 லிட்டர் ஆவியானால் உப்பின் அளவு 35 இலிருந்து ஏறத்தாழ 39 ஆக உயரும். உப்பு ஆவியாவதில்லை; ஆகவே ஆவியான அளவுக்குத் தூய நன்னீரே சேர்க்கப்பட வேண்டும், உப்புநீர் அன்று.

மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. பாக்டீரியாக்கள் இதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கடல்நீரின் பி.எச். உயர்ந்திருப்பதால், நன்னீரைவிட இதில் அமோனியாவின் நச்சுத்தன்மை கொண்ட வடிவம் கூடுதலாக இருக்கும். பாக்டீரியாக்கள் பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் சுழியம் காட்டிய பின்னரே முதல் மீன் விடப்படுகிறது.

ஒளியூட்டல்

மீன்கள் மட்டும் உள்ள தொட்டிக்குச் செறிவான ஒளி தேவையில்லை. பகல், இரவு வேறுபாட்டை உணர்த்துவதற்கும் மீன்களைக் காண்பதற்கும் எளிய விளக்கு ஒன்றே போதும்.

பவளங்களுக்கு ஒளி உணவின் மூலமாகும். பல பவளங்களின் திசுக்களில் சூசாந்தெல்லே எனப்படும் நுண்பாசிகள் இணைவாழ்வு நடத்துகின்றன. இவை ஒளிச்சேர்க்கையால் உருவாக்கும் உணவின் பெரும்பகுதி பவளத்துக்குக் கிடைக்கிறது. கடலில் சிவப்பு ஒளி மேல்மட்டத்திலேயே உறிஞ்சப்படுகிறது. நீல ஒளி ஆழம் வரை செல்கிறது. ஆகவே பவளத் தொட்டிகளில் நீலம் மிகுந்த, 10,000 முதல் 20,000 கெல்வின் வரையிலான நிறவெப்பநிலை கொண்ட விளக்குகள் பயன்படுகின்றன. கெல்வின் எண் ஒளியின் நிறத்தை மட்டுமே குறிக்கும். ஒளியின் அளவைக் குறிக்காது.

முன்னர் குழல்விளக்குகளும் உலோக ஆலைடு விளக்குகளும் வழக்கில் இருந்தன. இவற்றின் இடத்தைப் பெரும்பாலும் எல்.ஈ.டி. விளக்குகள் பிடித்துள்ளன. ஒரு லிட்டருக்கு இத்தனை வாட்டு என்னும் பழைய கணக்கு இவற்றுக்குப் பொருந்தாது. ஏனெனில் குறைந்த மின்சாரத்தில் இவை கூடுதல் ஒளி தருகின்றன. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும் மைக்ரோமோல் அளவில் கணிப்பதே சரியான முறையாகும். வளர்ப்போரிடையே வழங்கும் தோராய அளவுகள் பின்வருமாறு:

• மென்பவளங்கள்: 50 முதல் 150 வரை
• பெரிய பாலிப்புகளை உடைய கல்பவளங்கள்: 100 முதல் 200 வரை
• சிறிய பாலிப்புகளை உடைய கல்பவளங்கள்: 200 முதல் 400 வரை

நாளொன்றுக்கு 8 முதல் 10 மணிநேர ஒளி போதுமானது. நேரக் கட்டுப்பாட்டுக் கருவியின் துணையுடன் இது ஒழுங்காகத் தரப்படுகிறது. புதிய விளக்கின் செறிவு சில வாரங்களில் படிப்படியாக உயர்த்தப்பட வேண்டும். திடீரென மிகும் ஒளியாலும் வெப்பத்தாலும் பவளம் தன் பாசிகளை இழந்து வெளுத்துவிடும்.

ஒளிக்கும் மீன்களுக்கும் உள்ள தொடர்பு

மீன்கள் கூடினால் உணவும் கூடும். அதனால் நீரில் நைட்ரேட்டும் பாசுபேட்டும் சேரும். இவற்றுடன் செறிவான ஒளியும் இருந்தால் வேண்டாத பாசி பெருகிப் பவளங்களை மூடிவிடும். விளக்கை அணைத்து வைப்பது தற்காலிகத் தீர்வே. உணவைக் குறைத்தல், வாரந்தோறும் நீரில் சுமார் 10 விழுக்காட்டை மாற்றுதல், மீன்களின் எண்ணிக்கையை வரையறுத்தல் ஆகியவையே இதற்கு நிலையான வழிகளாகும்.

மீன்களைத் தெரிவு செய்தல்

மீனின் நீளத்தை மட்டும் கொண்டு எண்ணிக்கையைக் கணக்கிடுவது பிழையானது. ஒரே வடிவுள்ள இரு மீன்களுள் ஒன்று மற்றதைப்போல் இரு மடங்கு நீளமானால், அதன் எடை ஏறத்தாழ 8 மடங்காகும். மேற்கூறிய 90 லிட்டர் நீரில் 3 முதல் 5 வரையிலான சிறு மீன்களே பாதுகாப்பான அளவு எனலாம்.

பொருத்தமானவை:

• கோமாளி மீன்: எல்லா மீன்களும் முதலில் ஆணாகவே வளர்கின்றன, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். ஓர் இணை போதும். தொட்டியில் கடற்சாமந்தி இல்லாமலும் இது நலமாக வாழும். கடற்சாமந்திக்கோ செறிவான ஒளியும் நன்கு நிலைபெற்ற தொட்டியும் தேவை.
• ராயல் கிராமா: கரிபியன் பகுதியைச் சேர்ந்தது. முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள் நிறமுடையது. பாறை இடுக்கைத் தனதாக்கிக் காப்பதால் ஒன்று மட்டுமே வளர்க்கப்படும்.
• ஃபயர்ஃபிஷ்: அமைதியானது. அஞ்சினால் தொட்டிக்கு வெளியே துள்ளிவிடும் என்பதால் வலைமூடி தேவை.
• பங்காய் கார்டினல் மீன்: இந்தோனேசியாவின் பங்காய் தீவுப்பகுதிக்கு உரியது. ஆண் மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும்.

பொருத்தமற்றவை:

• நீல டாங் மீன்: 2003 ஆம் ஆண்டில் வெளியான "ஃபைண்டிங் நீமோ" திரைப்படத்தால் புகழ்பெற்றது. ஏறத்தாழ 30 செ.மீ. வரை வளரும், நீந்தப் பெரிய இடம் வேண்டும்.
• மாண்டரின் மீன்: பாறைகளில் வாழும் நுண்ணிய ஓட்டுயிரிகளை இடைவிடாது உண்பது. சிறிய தொட்டியில் அவை விரைவில் தீர்ந்துவிடுவதால் மீன் பட்டினியால் இறக்கும்.
• கடற்குதிரை: மெதுவாக உண்பதால் பிற மீன்களுடன் போட்டியிட இயலாது.

தொட்டியில் விடும் முறை

புதிய மீன்கள் தனித்தொட்டியில் குறைந்தது 4 வாரங்கள் வைத்துக் கண்காணிக்கப்படுகின்றன. வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி தொட்டிக்குள் நுழைவதை இது தடுக்கும். இந்நோய்க்குத் தரப்படும் செப்பு மருந்து பவளம், இறால் முதலியவற்றைக் கொல்லும்; எனவே மருத்துவமும் தனித்தொட்டியிலேயே செய்யப்பட வேண்டும். பின்னர் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து மீனைப் பழக்கி, விளக்கை அணைத்து, உள்ளே விடுவர். அமைதியான மீன் முதலிலும், இடம் பிடித்துக் காக்கும் மீன் இறுதியிலும், 2 முதல் 4 வார இடைவெளியில் ஒவ்வொன்றாக விடப்படுகின்றன. பாக்டீரியாக்கள் கூடுதல் கழிவுக்கு ஏற்பப் பெருகுவதற்கு இந்த இடைவெளி உதவுகிறது.

சூழலும் சட்டமும்

நன்னீர் அழகுமீன்களுள் பெரும்பாலானவை பண்ணைகளில் வளர்க்கப்படுகின்றன. கடல் அழகுமீன்களுள் பெரும்பாலானவையோ கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. 1960களில் பிலிப்பீன்சில் சயனைடு நஞ்சைத் தெளித்து மீன்களை மயக்கிப் பிடிக்கும் முறை பரவியது. இது பவளங்களை அழிப்பதுடன், பிடிபட்ட மீன்களும் பின்னர் இறக்கக் காரணமாகிறது. பங்காய் கார்டினல் மீன் 2007 இல் அருகிய இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தால் வகைப்படுத்தப்பட்டது. கோமாளி மீன், பங்காய் கார்டினல் ஆகியவை வளர்ப்பிலேயே இனப்பெருக்கம் செய்யப்படுகின்றன. இத்தகைய மீன்களைத் தெரிவு செய்வது கடல் வளத்தைக் காக்கும். தமிழ்நாட்டின் மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கியுள்ளது.

இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை உருவாக்கும் பவளங்களும் கடற்குதிரைகளும் 2001 இல் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடா உள்ளிட்ட இந்தியக் கடற்பகுதிகளிலிருந்து இவற்றை எடுப்பது தண்டனைக்குரிய குற்றமாகும்.

வளர்க்க இயலாத மீன்களைக் கடலில் விடுவதும் தவறாகும். இந்திய, பசிபிக் பெருங்கடல்களுக்கு உரிய சிங்கமீன் மேற்கு அத்திலாந்திக்குப் பெருங்கடலில் பரவியதற்கு, மீன்தொட்டிகளிலிருந்து விடுவிக்கப்பட்டமையே காரணமாகக் கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

• பவளப் பாறை
• நைட்ரசன் சுழற்சி
• மன்னார் வளைகுடா