பெயரை மாற்றிக்கொண்ட அடுப்பு

உணவின் வரலாற்றை எழுதப் புகுகிறவர்கள் பெரும்பாலும் பெயரிலிருந்தே தொடங்குகிறார்கள். பெயர் எந்த ஊரைச் சுட்டுகிறதோ அந்த ஊருக்குப் போய்த் தேடுகிறார்கள். 'மங்கோலிய பார்பெக்யூ' என்ற பெயரை நம்பி உலான்பத்தூருக்குப் போகிறவர் ஏமாற்றத்தோடுதான் திரும்புவார். மங்கோலிய மேய்ச்சல் மக்கள் ஆட்டிறைச்சியைப் பெரும்பாலும் நீரில் வேகவைத்தே உண்பவர்கள். 'கொர்கொக்' என்னும் விருந்து உணவில், நெருப்பில் சுட்ட கற்களை இறைச்சியோடு ஒரு கலத்தில் இட்டு மூடி வேகவைப்பார்கள். மெல்லியதாகச் சீவிய இறைச்சி, கிண்ணம் நிறையக் காய்கறி, சோயா சாஸ், பழுக்கக் காய்ந்த இரும்புத் தகடு ஆகியவற்றின் சேர்க்கைக்கும் அந்தப் புல்வெளிக்கும் தொடர்பில்லை. இன்று நாம் அறிந்த மங்கோலிய பார்பெக்யூ பிறந்தது 1951இல், தைவானின் தைபே நகரில், ஒரு தெருக்கடையில்.

பெயரின் பின்பாதியும் பொருந்தாததே. 'பார்பெக்யூ' என்பது கரீபியத் தீவுகளின் டைனோ மக்களிடமிருந்து ஸ்பானியர் பெற்ற 'பார்பகோவா' என்ற சொல்லின் வழி வந்தது. நெருப்புக்கு மேலே உயரமாகக் கட்டிய மரச் சட்டத்தை அது குறித்தது. தைபேயின் தகட்டிலோ இறைச்சியை நெருப்பு தீண்டுவதே இல்லை. பெரிய தோசைக்கல்லில் வதக்குவது என்றால்தான் சரியாக இருக்கும். இரண்டு பிழைகளால் ஆன ஒரு பெயர் உலகம் முழுவதும் நிலைத்துவிட்டது எப்படி என்பதுதான் என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது.

அந்தக் கடையை வைத்தவர் வூ சாவோநான். 1926இல் பீஜிங்கில் பிறந்தவர். சீன உள்நாட்டுப் போர் அவரை ஊரிலிருந்து பெயர்த்துத் தைவானில் கொண்டு சேர்த்தது. பிழைப்புக்கு ஒரு வழி தேடியபோது, இளமையில் தாம் கண்ட ஊர் உணவே அவருக்குக் கைகொடுத்தது.

பழைய பீஜிங்கில் 'காவ்ரோ' என்ற சுட்ட இறைச்சி பெயர்பெற்றது. காவ்ரோ வான், காவ்ரோ ஜி என்ற இரு கடைகள் அதற்குப் புகழ் வாய்ந்தவை. முன்னது 1686இலும் பின்னது 1848இலும் தொடங்கியதாகச் சொல்வார்கள். இரண்டுமே சீன முஸ்லிம்களான ஹுய் சமூகத்தாரின் கடைகள். இரும்புக் கம்பிகளை நெருக்கமாக அடுக்கிய தட்டின் கீழே விறகு எரியும். தாள்போல் சீவிய ஆட்டிறைச்சியையும் மாட்டிறைச்சியையும் சோயா சாஸில் தோய்த்து, வெங்காயத் தாளும் கொத்தமல்லித் தழையும் சேர்த்து அதில் புரட்டி எடுப்பார்கள். எள் தூவிய ரொட்டியோடு உண்பார்கள். உண்பவர் தாமே அடுப்பருகே நின்று, ஒரு காலை விசிப்பலகைமேல் ஊன்றிக்கொண்டு, நீண்ட குச்சிகளால் தமக்கு வேண்டியதைச் சுட்டுக்கொள்ளும் வழக்கமும் இருந்தது.

வூ தம் கடைக்குப் பீஜிங்கின் பெயரை வைக்கவே விரும்பினார். ஆனால் அந்தப் பெயர் அப்போது வெறும் ஊர்ப்பெயராக இல்லை. 'பீஜிங்' என்றால் வடக்குத் தலைநகர். தலைநகரை நான்ஜிங்குக்கு மாற்றிய தேசியவாதிகள், 1928இல் அதை 'பெய்பிங்' என்று ஆக்கியிருந்தார்கள். வடக்கு அமைதி என்று பொருள். 1949இல் வென்ற கம்யூனிஸ்டுகள் மீண்டும் பீஜிங் என்று பெயரிட்டுத் தலைநகராக அறிவித்தார்கள். தோற்றுத் தைவானுக்குப் பெயர்ந்த அரசின் நகரில், இரண்டே ஆண்டுகளுக்குள் ஒருவர் பீஜிங் என்று பலகை எழுதுவது எதிரியின் தலைநகரை ஒப்புக்கொள்வதாகப் பார்க்கப்படலாம். தைவானில் 1949இல் அறிவிக்கப்பட்ட இராணுவச் சட்டம் 1987வரை நீடித்தது. அத்தகைய காலத்தில் ஒரு சிறு கடைக்காரர் சொல்லுக்கு அஞ்சியதில் வியப்பில்லை. தமக்கோ தம் உணவுக்கோ தொடர்பில்லாத மங்கோலியாவை அவர் தேர்ந்தார்.

மங்கோலியாவும் அரசியலுக்கு அப்பாற்பட்டதன்று. அதன் விடுதலையை 1946இல் ஏற்ற சீனக் குடியரசு, 1953இல் அந்த ஏற்பைத் திரும்பப் பெற்றது. ஆயினும் அந்தப் பெயர் எவரையும் உறுத்தவில்லை. தொலைவும் குதிரைகளும் நெருப்பும் மட்டுமே அதைக் கேட்பவர் மனத்தில் தோன்றின. வணிகத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

அதே 1951இல் அமெரிக்க இராணுவ ஆலோசனைக் குழு தைவானுக்கு வந்தது. பின்னர் வியட்நாம் போரின்போது விடுப்பில் வந்த அமெரிக்க வீரர்களும் தைபேயில் குவிந்தனர். மொழி தெரியாதவருக்கு இந்த உணவுமுறை மிக எளிது. கிண்ணத்தை எடுத்து, கண்ணால் கண்டதை நிரப்பி, சமைப்பவரிடம் நீட்டினால் போதும். பழைய பீஜிங்கின் கம்பித் தட்டு இங்கே வட்ட வடிவ முழுத்தகடாக மாறியது. உண்பவர் சுடுவது போய், சமைப்பவர் நீண்ட குச்சிகளால் புரட்டித் தரும் காட்சி வந்தது. அமெரிக்காவுக்குச் சென்றபோது அதனோடு 'எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம்' என்ற பஃபே முறையும் கைகோத்தது. லாஸ் வேகஸில் எல் ராஞ்சோ வேகஸ் விடுதி, 1940களிலேயே 1 டாலருக்கு அத்தகைய பஃபே நடத்திக் காட்டியிருந்தது.

சிறு உணவு விடுதிகள் இதை விரும்பி ஏற்றதற்குக் கணக்கே காரணம். உறையவைத்த இறைச்சியைத் தாள்போல் சீவினால், விலை மலிந்த கடின இறைச்சியும் மென்மையாகிவிடும். சுருண்ட சீவல்கள் கிண்ணத்தில் மலைபோல் தெரியும். தகட்டில் விழுந்ததும் சுருங்கிப்போகும். மீதி இடத்தை முட்டைக்கோசும் முளைப்பயறும் நூடுல்ஸும் நிரப்பும். ஒரே தகட்டில் நாலைந்து பேரின் உணவைத் தனித்தனிக் குவியல்களாக ஒரு சமையற்காரரே சில நிமிடங்களில் முடித்துவிடலாம். பரிமாற ஆட்கள் அதிகம் வேண்டாம். மதிய இடைவேளையில் அவசரமாக வருகிறவர் குறைவாகவே உண்பார். ஆகவே மதிய விலையை இரவு விலையைவிடக் குறைத்து வைக்கலாம். பசித்தவர் உண்ணும் மூன்றாம் கிண்ணத்தின் செலவை, ஒரு கிண்ணத்தோடு எழுகிறவர் தம்மை அறியாமலே ஏற்கிறார். எல்லா பஃபேக்களும் நிற்பது முன்பின் அறியாதவர்களுக்கிடையிலான இந்த மௌன ஒப்பந்தத்தின் மேல்தான். இதை வெறும் தந்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் காசு குறைந்தவர் விலைப்பட்டியலைப் பார்த்துக் கூசாமல் வயிறு நிறைய உண்ணவும் அது இடம் தந்தது.

பொய்யான பெயர் இந்த உணவுக்கு மட்டும் வாய்த்ததன்று. ஜப்பானின் ஹொக்கைதோவில் ஆட்டிறைச்சியைக் கவிந்த இரும்புச் சட்டியில் சுட்டு, அதற்கு ஜெங்கிஸ்கானின் பெயரை வைத்தார்கள். டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் 1958இல் ஸ்காண்டிநேவிய முறையில் பஃபே தொடங்கி, அவ்வாண்டு வந்த திரைப்படத்தை ஒட்டி 'வைக்கிங்' என்று பெயரிட்டது. ஜப்பானில் பஃபேக்கு இன்றும் அதுவே பெயர். தொலைதூர வீரர்களின் பெயர்கள் பசிக்கு நன்றாகப் பொருந்துகின்றன போலும். ஆனால் அவை விளையாட்டாகவோ வணிகத்துக்காகவோ வைத்த பெயர்கள். வூவின் பெயரில் அச்சம் இருக்கிறது. தம் ஊரின் பெயரைச் சொல்ல முடியாத ஒருவர், ஊரின் சுவையை வேறொரு பெயருக்குள் ஒளித்து வைத்தார்.

இந்தக் கடைக்காரரின் இன்னொரு முகம்தான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. சீன மொழி பேசும் உலகம் வூ சாவோநானைச் சமையற்காரராக நினைவுகூர்வதில்லை. அவர் 'சியாங்ஷெங்' கலைஞர். இருவர் எதிரெதிர் நின்று பேச்சாலும் குரல்போலியாலும் கிண்டலாலும் பாட்டாலும் அவையைச் சிரிக்கவைக்கும் வடசீனக் கலை அது. பீஜிங்கின் தெருமொழியே அதன் உயிர். வெய் லோங்ஹாவோ என்ற கலைஞரோடு சேர்ந்து வானொலியிலும் ஒலிப்பதிவுகளிலும் பழைய உரையாடல்களை அவர் நிகழ்த்தினார். ஊர் திரும்ப இயலாத ஒரு தலைமுறை தன் தெருக்களின் ஒலியை அவற்றில் கேட்டது. பின்னாளில் அமெரிக்காவில் குடியேறிய வூ, 2018இல் மறைந்தார். பலகையில் எழுத முடியாத ஊரை அவர் ஒருபுறம் நாவின் சுவையாகவும் மறுபுறம் நாவின் பேச்சாகவும் காப்பாற்றினார் என்று தோன்றுகிறது.

இந்தக் கதைக்கு ஒரு வேடிக்கையான பின்குறிப்பு உண்டு. 1992இல் அமெரிக்காவின் மிச்சிகனில் தொடங்கிய ஒரு மங்கோலிய பார்பெக்யூ நிறுவனம், 2005இல் உலான்பத்தூரில் கிளை திறந்தது. பீஜிங்கில் பிறந்து, தைபேயில் பெயர் மாறி, அமெரிக்காவில் பஃபேயாகி, அரை நூற்றாண்டுக்கும் மேலான பயணத்துக்குப் பிறகு அந்த உணவு தன் பெயருக்குரிய நாட்டை முதன்முறையாகப் பார்த்தது. அங்கே அதைச் சுவைத்த மங்கோலியர்களுக்கு அது அமெரிக்க உணவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.