கலயத்துச் சுண்ணாம்பு

திருச்செந்தூருக்குத் தெற்கே, செம்மண் தேரியும் பனைக்கூட்டமும் கடலை நோக்கிப் பரந்து கிடக்கும் உடன்குடியின் கருப்பட்டிக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது பலரும் அறிந்த சங்கதியே எனினும், அந்தத் தொழிலின் சூட்சுமம் முழுவதும் பனையேறி பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறத்தில் தடவப்படும் சிறிதளவு சுண்ணாம்பிலே அடங்கியிருக்கிறது என்பதை நினைப்பவர் சொற்பம். சுண்ணாம்பு படாத கலயத்தில் இராப்பொழுதில் சொட்டும் சாறு விடிவதற்குள் நுரைத்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு பட்டதோ பதநீராகவே நின்று, காய்ச்சும் குடிசையான விடிலியில் காய்ந்து, சிரட்டையில் உறைந்து கருப்பட்டியாகும்.

புளிப்புக்குக் காரணம் கண்ணுக்குப் புலப்படாத ஜீவராசிகளே என்று பிரான்ஸ் தேசத்து லூயி பாஸ்டர் 1857-இல் எழுதத் தொடங்குவதற்கு முன்பே இப்பக்கத்தில் பனைத்தொழில் தழைத்திருந்தது. 1841-இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் பாதிரியார் 1849-இல் வெளியிட்ட நூலில் பனையேறிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். கலயத்தில் அண்டவிடாமல் தடுத்த அதே இனத்து நுண்ணுயிர்களை, இரவில் சோற்றில் நீரூற்றிப் பழங்கஞ்சிப் பானைக்குள் வரவேற்றதும் அந்தப் பனையேறிக் குடும்பங்கள்தாம் என்பது எனக்குத் தீராத வியப்பு.

பானையில் மட்டுமன்று, நம் குடலிலும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன; அவற்றுக்கும் முதுமைக்கும் சம்பந்தம் உண்டென்று 1907-இல் ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகாவ் வாதித்தார். முதுமை என்றதும் மறதி நினைவுக்கு வரும்; மறதியோ மூளையைச் சேர்ந்தது. சரீர எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கேயான மூளை, இருதயம் செலுத்தும் இரத்தத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கைப் பெறுகிறது. அந்த ஓட்டம் குன்றினால் ஞாபகசக்தியும் குன்றக்கூடும். 2018-இல் அமெரிக்காவின் கென்டக்கி சர்வகலாசாலையில், மாவுப்பொருளைக் குறைத்துக் கொழுப்பை மிகுத்த ஆகாரம் உண்ட இளம் எலிகளுக்குக் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் பெருகியதோடு மூளையின் இரத்த ஓட்டமும் உயர்ந்ததைக் கண்டார்கள். நாம் உண்ணும் நார்ப்பொருளைக் குடல் நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது உண்டாகும் அமிலங்கள் அழற்சியைத் தணிக்கவும் இரத்தக்குழாய்களைக் காக்கவும் உதவுகின்றன என்றும் ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். நம் பனங்கிழங்கில் அந்த நார் தாராளமாக உண்டு.

ஆயினும் எலி மனிதனாகாது. கருப்பட்டியும் முடிவில் சர்க்கரையே. அதனை மறதிக்கு மருந்தென்று விற்பது தவறு.

மறதிக்கு இரையாகாமல் நாம் காக்க வேண்டியது வேறொன்று உண்டு. எந்தப் பருவத்தில் எவ்வளவு சுண்ணாம்பு, எந்தக் கொதியில் எந்தப் பதம் என்ற ஞானம் பெரும்பாலும் ஏட்டில் ஏறாமல், வயது முதிர்ந்த பனையேறிகளின் நினைவிலும், விடிலியில் காய்ச்சிய அவர்கள் வீட்டுப் பெண்களின் நினைவிலுமே இருக்கிறது. உடன்குடிப் பக்கத்து வாசகர்களே, இந்தப் பதநீர்க் காலத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அவர்கள் திண்ணையில் போய் உட்காருங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.