பிளஸ் ஒன் குரூப்பும் மண்டகப்பட்டுக் குகையும்



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: "எந்த குரூப்?" இந்தக் கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. இளம் பெற்றோர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பதினோராம் வகுப்பு. அடுத்து பி.யு.சி. ஓராண்டு. அதைக் கல்லூரியில்தான் படிக்க வேண்டும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் வந்ததே 1960களின் கடைசியில்தான். அதற்கு முன் வெளியூர் போய்ப் படிக்க வசதி இருந்தவர்களுக்கே அந்தப் படிப்பு. பலருக்குப் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றது.

கோத்தாரி கல்விக் குழு (1964-66) பரிந்துரைத்த 10+2+3 முறை, 1978இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூவாக வந்தது. முதல் பொதுத்தேர்வு 1980இல். கல்லூரியில் இருந்த இயற்பியல் ஆய்வகம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, இது பெரிய வாசல்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. பி.யு.சி.யில் பதினாறு வயதில் எடுத்த முடிவு பதினைந்து வயதுக்கு இறங்கியது. இயற்பியல் ஒரு பக்கம், வரலாறு மறுபக்கம். போதாக்குறைக்கு, மார்க் எடுத்தவனுக்கு அறிவியல், எடுக்காதவனுக்கு வரலாறு என்று நாமே ஒரு சாதிப் பிரிவினையையும் உண்டாக்கிவிட்டோம்.

ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த நான், அறிவியலையும் சமூக அறிவியலையும் ஒரே வகுப்பில் நடத்தியவன். என்னிடம் எட்டாவது வரை படித்த ஒரு மாணவி, முதல் குரூப்பில் சேர்ந்த பிறகு கேட்டாள்: "சார், இனிமே எனக்கு ஹிஸ்டரியே கிடையாதா?"

மண்டகப்பட்டுக்குப் போய் வரச் சொன்னேன். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு எடுத்த கோயில் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. ஏன் அப்படிச் சொன்னான்? மரம் மக்கும், இரும்பு துருப்பிடிக்கும், பாறை நிற்கும். அது பொருள்களின் இயல்பு, இயற்பியல். அதைப் பெருமையாகக் கல்லில் வெட்டிவைக்க ஓர் அரசன் நினைத்தானே, அது வரலாறு. கல் பாரத்தைத் தாங்கும், வளைத்தால் உடையும். அங்கே உள்ள தூண்களின் தடிமனைப் பார்த்துவிட்டு இதை யோசித்தால் பாடம் மனதில் நிற்கும்.

போய் வந்தவள் சொன்னது: "ரெண்டு புக்குலயும் பாதிப் பாதிதான் சார் இருக்கு."

பெற்றோர்களே, குரூப்பைப் பிள்ளையின் விருப்பம் கேட்டு முடிவு செய்யுங்கள். அறிவியல் எடுத்த பிள்ளை வரலாறு படித்தால் "மார்க் வராது" என்று தடுக்காதீர்கள். வரலாறு எடுத்த பிள்ளையை அக்கம்பக்கத்தில் தாழ்த்திப் பேசாதீர்கள். குரூப் இரண்டு வருடம்தான்; கேள்வி கேட்கும் பழக்கம் ஆயுளுக்கும் வேண்டும்.