குற்றஞ்சாட்டும் சொல்: சூனியக்காரி நாடகங்களில் மோதலும் பாத்திரமும் அச்சமும்

ஊர் கூடி ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று அறிவிப்பதைப் பொருளாகக் கொண்ட மேடை நாடகங்களுள் இரண்டு இங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒன்று, மகாசுவேதா தேவி (1926–2016) வங்காளத்தில் எழுதிய தம் சிறுகதையைத் தாமே நாடகமாக்கிய ‘பாயென்’. சமிக் பந்தோபாத்யாயின் ஆங்கிலமாக்கத்தில் அவருடைய ஐந்து நாடகங்களுள் ஒன்றாக 1986இல் கல்கத்தாவிலிருந்து வெளிவந்தது. மற்றொன்று, ஆர்தர் மில்லர் எழுதி 1953 சனவரி 22 அன்று நியூயார்க்கில் அரங்கேறிய ‘தி குரூசிபிள்’. பொன்னுருக்கும் கலத்தைக் குறிக்கும் இத்தலைப்புக்குப் பொற்கொல்லர் வழக்கிலுள்ள ‘மூசை’ என்னும் சொல் அப்படியே பொருந்தும்.

இவ்விரு நாடகங்களிலும் மோதலைத் தொடங்கிவைப்பது ஒரு பெயர்ச்சொல். அச்சொல்லைத் தமிழில் எதனால் பெயர்ப்பது என்பதே இக்கட்டுரையின் வினா. இது அகராதி பற்றிய சிக்கல் மட்டுமன்று. தவறான சொல்லைத் தேர்ந்தால், ஊரார் சாட்டும் குற்றத்தை மொழிபெயர்ப்பாளரும் வழிமொழிந்தவர் ஆகிவிடுவார்.

1. வினையும் வினைமுதலும்

தமிழ் வழக்கில் இத்துறைக்குரிய சொற்களை நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். செய்வினை, ஏவல், வைப்பு ஆகியன யாவும் செயலின் பெயர்கள். சூனியம் என்பது வெறுமையைக் குறிக்கும் வடசொல். பாழ் என்னும் பொருள்வழியே அழிவுச்செயலைக் குறிக்க வந்தது. அதனையும் நாம் ‘வைக்கிறோம்’, ‘எடுக்கிறோம்’. செய்வினை, ஏவல் என்பன இலக்கணக் கலைச்சொற்களாகவும் இருப்பது மொழியியலார்க்குச் சுவையான செய்தி. மாணவர்க்குச் செய்வினை, செயப்பாட்டுவினை கற்பிக்கும்போது வகுப்பில் எழும் சிரிப்பை அறியாத ஆசிரியர் அரியர்.

இது தமிழுக்கே உரிய இயல்பன்று. இக்கட்டுரையாளர் வாழும் காக்ஸ் டவுன், 1947 வரை ஆங்கிலேயரின் தனி நிருவாகத்திலிருந்த பெங்களூர்ப் பாளையப் பகுதியைச் சேர்ந்தது. தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்கும் இடம். கன்னடத்தில் இதற்கு ‘மாட்ட’ என்று பெயர். ‘மாடு’, அதாவது ‘செய்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. அதர்வ வேதத்தின் ‘கிருத்யா’ ‘கிரு’ என்னும் செய்தற்பொருள் வேரினது. இலத்தீனின் ‘மலெபீக்கியும்’ தீச்செயல் என்றே பொருள்படும். போர்ச்சுகீசியரின் ‘பெய்த்திசோ’வும் ‘செய்யப்பட்டது’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. தொடர்பற்ற மொழிகளிலும் மாந்தர் இவ்வச்சத்துக்குச் ‘செய்தல்’ என்று பெயரிட்டிருக்கின்றனர். என்ன செய்தான், எப்படிச் செய்தான் என்று சொல்லவியலாதபோது வெறும் ‘செய்தல்’ மட்டும் எஞ்சி நிற்கிறது போலும்.

மானிடவியலார் ஈவான்ஸ்-பிரிச்சர்ட் 1937இல் வெளியிட்ட அசாண்டே மக்கள் பற்றிய நூலில், கற்றுச் செய்யும் மந்திரத் தொழிலையும் உடலோடு பிறந்த தீய ஆற்றலையும் வேறுபடுத்திக் காட்டினார். தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் முதல்வகையைச் சார்ந்தவை. செய்வினையில் அஞ்சப்படுபவர் பகைவரும் அவர் கூலி கொடுத்து அமர்த்திய மந்திரவாதியும் ஆவர். கண்ணேறு, கொள்ளிக்கண் போன்றவை இரண்டாம் வகையை நெருங்கினும், ஒருத்தியை ஊரைவிட்டு விலக்கும் பெயராக அவை இறுகவில்லை. ‘சூனியக்காரி’ என்னும் வினைமுதற்பெயர் பரவலான ஆட்சி பெற்றதில் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் அயல்நாட்டுச் சிறுவர் கதைகளின் தமிழாக்கத்துக்கும் பெரும்பங்கு உண்டு என்பது என் கருத்து.

வடக்கிலும் கிழக்கிலும் நிலைமை வேறு. அங்கு வழங்கும் ‘டாயின்’ ஓர் ஆளின் பெயர். இது ‘டாகினி’ என்னும் வடசொல்லின் திரிபு. இதே சொல் ‘இடாகினி’ என்று சிலப்பதிகாரத்தில் வருவதை நம் வாசகர் அறிவர். ஒரே சொல் தமிழில் சுடுகாட்டுப் பேயின் பெயராகவே நின்றுவிட, கங்கைச் சமவெளியில் அடுத்த வீட்டில் உயிரோடு வாழும் பெண்ணின் மேல் ஏறிவிட்டது. இச்சொல்லின் வரலாற்றில் இதைவிடக் கொடிய பொருள்மாற்றம் வேறில்லை.

2. தமிழ் மேடையின் முன்னோடிகள்

சொல் இல்லையெனினும் சூழல் தமிழுக்குப் புதிதன்று. கனாத்திறம் உரைத்த காதையில் மாலதி மாற்றாள் குழந்தைக்குப் பாலூட்டுகிறாள். பால் விக்கிக் குழந்தை இறக்கிறது. அவளைக் கோயில் கோயிலாக ஓடச் செய்வது துயரம் மட்டுமன்று, பழிக்கு அஞ்சும் அச்சமும் ஆகும். நடந்ததை நடந்தவாறு சொன்னால் நம்புவார் இலர் என்பது அவளுக்குத் தெரியும். இடாகினி அதற்குப் பின்னரே வந்து பிணத்தைப் பறிக்கிறது. பேயினும் முந்தியது பழி என்னும் இவ்வரிசை கருதத்தக்கது.

அரிச்சந்திரன் கதையின் மயான காண்டம் இன்னும் நெருக்கமானது. கூத்திலும் நாடகத்திலும் தலைமுறை தலைமுறையாக நாம் கண்ட காட்சி அது: நள்ளிரவு, தனித்த பெண், அவள் கையில் இறந்த குழந்தை. காசி மன்னனின் மகவைக் கொன்றவள் என்று சந்திரமதி பிடிபடுகிறாள். அவளை வெட்ட வாளேந்துபவன் அவள் கணவனே. கன்னடத்தில் இராகவாங்கரின் காவியத்திலும் இந்நிகழ்ச்சி உண்டு. இறுதியில் தெய்வம் தோன்றுவதால் அவையோர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்புகின்றனர்.

3. தெய்வம் வாராத மயானம்

‘பாயென்’ நாடகத்தில் தெய்வம் வருவதில்லை. தலைவி சண்டிதாசி இடுகாட்டில் குழந்தைகளைப் புதைக்கும் குலத்தொழிலை ஏற்றவள். அரிச்சந்திரனுக்கு மயானத்தில் இடமளித்தவனின் வழியினர் தாம் என்பது அக்குலத்தாரின் பெருமை. தமிழ் வாசகர் அவனை வீரபாகு என்று அறிவர். ஆகவே இந்நாடகத்தைத் தமிழில் பெயர்ப்பவர் அயல்நிலத்துச் செய்தியைக் கொண்டுவருகிறோம் என்று தயங்கவேண்டியதில்லை. மயான காண்டத்தைக் கீழிருந்து காண்கிறோம், அவ்வளவே.

சண்டிதாசி தாயாகிறாள். அதன்பின் பிறர் குழந்தைகளைப் புதைப்பது அவளுக்கு இயலாததாகிறது. தொழிலை விட்டுவிட விரும்புகிறாள்; விட இயலவில்லை. அம்மை நோயில் உறவுக் குழந்தை ஒன்று இறந்ததும் ஊர் ஐயுறத் தொடங்குகிறது. நரிகள் தோண்டாதபடி இரவில் புதைகுழியைக் காத்து நிற்கும்போது தாய்ப்பால் சுரந்து மார்பு நனைந்திருப்பதை ஊரார் காண்கின்றனர். அரசு வேலையில் இருப்பவனும் கையெழுத்திடத் தெரிந்தவனுமாகிய அவள் கணவன் மலிந்தர்தான் பறையறைந்து அவளைப் பாயென் என்று அறிவிக்கிறான். சந்திரமதி காட்சியின் மூன்று உறுப்புகளும் இங்கு உள்ளன: இரவு, குழந்தையின் பிணம், தண்டிக்கும் கணவன்.

மலிந்தர் பாத்திரத்தைக் கொடியவனாக நடிப்பது எளிது. ஆனால் நாடகம் அதற்கு இடந்தரவில்லை. அவன் அஞ்சுகிறான். சொல்லாவிட்டால் தானும் மகனும் என்ன ஆவோம் என்னும் அச்சம் அது. அறிவித்தபின் வாழ்நாள் முழுதும் அவன் பேச்சு குறுகிப்போகிறது. மொழிபெயர்ப்பாளர் அவன் தொடர்களை நீட்டக்கூடாது.

டாயினைக் கொல்லலாம், பாயெனைக் கொல்லலாகாது, கொன்றால் ஊர்க்குழந்தைகள் சாகும் என்பது கதையின் நம்பிக்கை. எனவே அவள் இருப்புப்பாதை அருகே தனிக் குடிசையில் வைக்கப்படுகிறாள்; வருவதை முன்னறிவிக்க ஒலியெழுப்பிக்கொண்டே நடக்கவேண்டும்; மகனைக் கண்ணால் காணலாகாது. இவ்விரு சொற்களையும் ‘சூனியக்காரி’ என்னும் ஒன்றிலேயே அடக்கினால் கதையின் அச்சாணி கழன்றுவிடும். தலைப்பை ஒலிபெயர்ப்பதே தக்கது. அங்கும் ஓர் இடர்: ‘பாயேன்’ என்று நெடிலிட்டு எழுதினால் ‘பாயமாட்டேன்’ என்னும் தன்மை எதிர்மறை வினைமுற்றாகிவிடும். இறுதிக் காட்சியில் தொடர்வண்டியை நிறுத்த இருளில் பாய்ந்தோடுபவளின் நாடகத்துக்கு இதனினும் பொருந்தாத தலைப்பு இராது.

4. ‘எங்களுள் ஒருத்தி’

மில்லரின் நாடகத்துக்கு அடிப்படை 1692இல் மாசச்சூசெட்சில் நிகழ்ந்த வழக்குகள். 150க்கு மேற்பட்டோர் குற்றஞ்சாட்டப்பட்டனர். 14 பெண்களும் 5 ஆண்களும் தூக்கிலிடப்பட்டனர். கைல்ஸ் கோரி என்னும் முதியவர் கல்லடுக்கிக் கொல்லப்பட்டார். அவ்வூரின் பெயரைத் தமிழில் ‘சேலம்’ என்று எழுதினால் மாம்பழமும் எஃகும் நினைவுக்கு வரும். தமிழ் விவிலியம் இப்பெயரைச் ‘சாலேம்’ என்று எழுதுகிறது. அங்குக் குடியேறியோர் விவிலியத்திலிருந்தே ஊர்ப்பெயரை எடுத்தனர் ஆதலின், இதுவே வரலாற்றுக்கும் ஏற்ற வடிவம்.

யாத்திராகமத்தின் 22ஆம் அதிகாரத்து 18ஆம் வசனம் இவ்வழக்குகளின் பின்னணியில் நின்றது. எபிரேய மூலச்சொல் பெண்பால் ஒருமை. கிரேக்க மொழிபெயர்ப்பில் அது மருந்தும் நஞ்சும் கூட்டுவோர் என்று ஆண்பாற் பன்மையாயிற்று. இலத்தீனில் தீவினை செய்வோர் ஆயிற்று. ஆங்கிலத்தில் ‘விட்ச்’ ஆயிற்று. மூலச்சொல் நஞ்சிடுவோரையே குறிக்கிறது என்று ரெஜினால்டு ஸ்காட் 1584இலேயே வாதிட்டார். மொழிபெயர்ப்பு வாதம் ஒன்றினால் உயிர்கள் பிழைத்திருக்கக்கூடிய அரிய தருணம் அது, கேட்பார் இலர்.

விசாரணைப் பதிவுகளில் மொழியியலார் கவனிக்கவேண்டியது நீதிபதி ஜான் ஹாத்தோர்னின் வினாவமைப்பு. ‘துன்புறுத்தினாயா’ என்று அவர் தொடங்குவதில்லை. ‘ஏன் துன்புறுத்துகிறாய்’ என்று கேட்கிறார். ஆகார வினா செய்தியை ஐயத்தில் வைக்கிறது. ‘ஏன்’ என்னும் வினாவோ செய்தியை முடிந்த முடிபாகக் கொண்டு காரணத்தை மட்டும் வினவுகிறது. எவ்விடை கூறினும் குற்றம் ஒப்புக்கொண்டதாகும். தமிழில் இவ்வேறுபாடு தெளிவாக அமையும். மொழிபெயர்ப்பில் அதை மழுங்கவிடக்கூடாது.

ரெபெக்கா நர்ஸ் என்னும் 71 வயது மூதாட்டியின் வழக்கு இவற்றுள் மிகக் கொடியது. சான்றாயர் முதலில் அவரைக் குற்றமற்றவர் என்றனர். அவையில் கூச்சல் எழுந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்ட வேறொரு பெண்ணைச் சாட்சியாக அழைத்து வந்தபோது, இவர் தம் கூட்டத்தில் ஒருத்தி என்னும் பொருள்பட ஏதோ கூறியிருந்தார். அத்தொடரைச் சுட்டி நீதிபதி மீண்டும் எண்ணிப் பார்க்கச் சொன்னார். சான்றாயர் அதற்கு விளக்கம் கேட்டனர். செவி மந்தமான ரெபெக்கா விடையிறுக்கவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பு மாறிற்று. உடன் சிறையிருப்பவள் என்பதே தாம் கருதியது என்று அவர் பின்னர் எழுதித் தந்ததால் பயன் விளையவில்லை. 1692 சூலை 19 அன்று தூக்கிலிடப்பட்டார்.

தமிழ் இத்தொடரை எவ்வாறு ஏற்கும்? முன்னிலையை உளப்படுத்தும் ‘நாம்’, உளப்படுத்தாத ‘நாங்கள்’ என்னும் வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. ரெபெக்கா தமிழில் பேசியிருந்தால் ‘எங்களுள் ஒருத்தி’ என்றிருப்பார். நீதிபதி அக்கூட்டத்திற்கு வெளியே நிற்பவர் என்பது அதனால் உறுதிப்படும். ஆனால் அக்கூட்டம் கைதியர் கூட்டமா, சூனியக்காரியர் கூட்டமா என்பது தெளிவுபடாது. உளப்பாட்டு வேறுபாடு அவரைக் காப்பாற்றியிராது. ‘எங்களோடு இருப்பவள்’, ‘எங்களைச் சேர்ந்தவள்’ என்னும் வேற்றுமையுருபின் தேர்வே காப்பாற்றியிருக்கும். மில்லர் இந்நிகழ்ச்சியை மேடைக்குக் கொணராமல் விட்டது எனக்கு இழப்பாகவே தோன்றுகிறது.

அவர் மாற்றியவையும் பல. வரலாற்றில் அபிகெயிலுக்கு வயது ஏறத்தாழ 11, பிராக்டருக்கு ஏறத்தாழ 60. மில்லர் அவளை 17 வயதினளாகவும் அவனை முப்பதுகளின் நடுவினனாகவும் ஆக்கி, இருவரிடையே கள்ளக் காதலைப் புனைந்தார். இதனால் ஊரின் அச்சம் ஓர் இல்லத்தின் மோதலாகச் சுருங்குகிறது என்னும் குறை உண்டு. ஆயினும் நாடகத்தின் உச்சம் வேறிடத்தில் உள்ளது. சாலேமில் ஒப்புக்கொண்டவர் உயிர் பிழைத்தனர், மறுத்தவர் தூக்கேறினர். பொய் சொன்னால் உயிர், மெய் சொன்னால் சாவு. பிராக்டர் பொய்யான ஒப்புதலில் ஒப்பமிட்டும், தன் பெயரைப் பிறர் பார்வைக்கு விட மறுத்துத் தாளைக் கிழிக்கிறான். ஆங்கில மேடையில் ‘நேம்’ என்பதன் மேல் நடிகர் பெருஞ்சுமை ஏற்றவேண்டும். தமிழில் ‘பெயர்’ அச்சுமையை இயல்பாகவே சுமக்கிறது: பெயரெடுக்கிறோம், பெயர் கெடுகிறது, பெயர் சொல்லப் பிள்ளை வேண்டும் என்கிறோம்.

5. சட்டத்தில் சொல்

ஹார்வர்டில் ஆஸ்டின் சொற்செயல் பற்றிய சொற்பொழிவுகளை நிகழ்த்தியது 1955இல். சாலேம் அங்கிருந்து தொலைவில் இல்லை. சொல்வதே செய்வது என்னும் அவர் கொள்கைக்குச் ‘சூனியக்காரி’ எனச் சுட்டுதலைவிடத் தக்க எடுத்துக்காட்டு அரிது. இந்தியச் சட்டங்கள் இதனை உணர்ந்துள்ளன. 1999ஆம் ஆண்டின் பீகார்ச் சட்டம் ‘டாயின்’ என்னும் சொல்லைத் தன் தலைப்பிலேயே கொண்டு, ஒருவரை அவ்வாறு அடையாளங்காட்டுவதையே குற்றமாக்கியது. தண்டனை மூன்று திங்கள் சிறையோ 1000 ரூபாய் ஒறுப்போ இரண்டுமோ. சொல்லின் விலை அவ்வளவே! 2022இல் சூனியத்தைக் காரணமாகக் கொண்ட கொலைகள் 85 எனத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிந்துள்ளது. கர்நாடகத்தின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2020 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் கன்னடத் தலைப்பில் பேச்சுவழக்கின் ‘மாட்ட’ இடம்பெறவில்லை. ‘வாமாசாரம்’ என்னும் வடசொல் இடம்பெற்றது. ஒரு சமய நெறியின் பெயர் குற்றவியல் சொல்லானது தனியே ஆராயத்தக்கது.

இனி ‘பாயென்’ நாடகத்தின் முடிவுக்கு வரலாம். தொடர்வண்டியைக் கொள்ளையரிடமிருந்து காத்துச் சண்டிதாசி இறந்தபின், பரிசளிக்க வந்த அலுவலர் அவள் யார் என்று வினவுகிறார். ஊர் வாளாவிருக்க, மகன் பகீரதன் முன்வந்து அவள் தன் தாய் என்று கூறி, அவள் பெயரை முழுமையாகச் சொல்லி, அவள் பாயென் என்பதை எக்காலத்துக்குமாக மறுக்கிறான். ‘பாயெனாக இருந்ததில்லை’ என்று பெயர்த்தால் அது கடந்த கால மறுப்பாகவே நிற்கும். ‘ஆகவில்லை’ என்றால் ஆகக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டதாகும். ‘பாயென் அல்லள்’ என்னும் குறிப்பு வினைமுற்றுக்குக் காலம் இல்லை. ஆனால் பத்து வயதை ஒட்டிய சிறுவன் வாயில் ‘அல்லள்’ செயற்கையாக ஒலிக்கும். பேச்சுவழக்கின் ‘இல்லை’யோ ‘அன்மை’யையும் ‘இன்மை’யையும் ஒன்றாக்கிவிடும். மேடைக்கு ‘இல்லை’யையே தேர்ந்து, அதை இருமுறை சொல்லவைப்பது தக்கதெனத் தோன்றுகிறது.