சட்டநிரூபண சபையிற் சர். பொன். இராமநாதன்

மருதனார்மடத்து மகளிர் கல்லூரியை 1913 இலும் திருநெல்வேலிப் பரமேசுவரக் கல்லூரியை 1921 இலும் நிறுவியவர் இராமநாதன் என்பதை நம் மாணவர் அறிவர். ஆயின், அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கம் வகித்த சட்டநிரூபண சபையில் என்ன செய்தார் என வினவின், 1915 ஆம் ஆண்டுப் பேச்சுக்கு அப்பால் விடை வருவது அரிது. அப்பேச்சை மட்டும் கொண்டு அவரை அளத்தல் எளிது; பிற்கால நிலைப்பாட்டையும் சேர்த்து அளத்தலே கடினம்.

மானிப்பாய்த் தொடர்புடைய குடும்பத்தில் 1851 இற் கொழும்பிற் பிறந்தவர் இராமநாதன். 1833 இல் உருவாக்கப்பட்ட அச்சபையின் முதற் றமிழ் உறுப்பினர் கேற் முதலியார் குமாரசாமி அவருக்குத் தாய்வழிப் பாட்டனார், சர். முத்துக்குமாரசாமி தாய்மாமனார். மாமனார் 1879 இல் இறந்தபின் அவ்விடம் மருமகனுக்குத் தேசாதிபதியின் நியமனத்தாற் கிடைத்தது. பரம்பரைச் சொத்துப் போல வந்த பதவி எனலாம். எனினும் அதனை அவர் உழையாது அனுபவித்தாரல்லர். பௌத்தர்க்கு வெசாக் தினம் 1885 இல் விடுமுறையாதற்குச் சைவராகிய அவரும் குரல் கொடுத்தார். 1892 இற் சொலிசிற்றர் ஜெனரல் பதவியேற்று, 1906 வரை அரசாங்க சேவையிலிருந்தார்.

படித்த இலங்கையர்க்கென ஒரே ஆசனம் ஒதுக்கப்பட்டு 1911 இல் முதற் றேர்தல் நிகழ்ந்தது. வாக்காளர் தீவு முழுவதிலும் மூவாயிரவரும் இல்லை. இராமநாதன் 1,645 வாக்குகளும், அவரை எதிர்த்த வைத்தியர் மார்க்கஸ் பெர்ணாந்து 981 வாக்குகளும் பெற்றனர். சிங்களர் பலர் தமிழர் ஒருவரைத் தெரிந்தனர் என்று இதனைப் போற்றுவது வழக்கம். போற்றத் தக்கதே, ஆனால் கொவிகம வகுப்பார் கராவ வகுப்பினர் ஒருவரைத் தெரிய விரும்பாமையும் இவ்வெற்றிக்குத் துணைநின்றது. அதனை மறைத்து வரலாறு எழுதுதல் தகாது.

1915 இற் சிங்களர்க்கும் முசிலிம்களுக்கும் கலகம் மூண்டபோது தேசாதிபதி சாமேர்சு இராணுவச் சட்டம் பிறப்பித்தார். இளைஞர் ஹென்றி பேதிரிசு சுட்டுக் கொல்லப்பட்டார்; டி. எஸ். சேனநாயக்கா முதலியோர் சிறைப்பட்டனர். அச்சம் நிலவிய அந்நாளில், ஆட்சியினர் நிறைந்த சபையிலே இராமநாதன் எழுந்து அவர்களின் கொடுமைகளை எடுத்துரைத்தார். அவ்வுரைகள் 1916 இல் இலண்டனில் நூலாயின. நன்றியுற்ற சிங்களர் அவருடைய வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர் என்பது இன்றும் வழங்கும் செய்தி. ஆனால் கலகத்தில் உடைமை இழந்த முசிலிம்கள் அவ்வுரைகளை எவ்வாறு கேட்டிருப்பர்? அவர்கள் இனத்தாற் றமிழரே என்று 1880களில் அவர் வாதித்ததனால் ஏற்பட்ட மனக்கசப்பு அதற்கு முன்னரே இருந்தது. நம்மவர் எழுதும் வரலாறுகளில் இவ்வினாவுக்கு இடமில்லாதது குறையே.

டொனமூர் ஆணைக்குழு 1928 இற் சர்வசன வாக்குரிமையை விதந்துரைத்தது. இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கவும் கூறியது. அப்போது எழுபத்தேழு வயதினரான இராமநாதன் இரண்டையும் எதிர்த்தார். பின்னதில் அவருக்கிருந்த அச்சம் வீணன்று. எண்ணிக்கையே ஆட்சியாகும்போது சிறுபான்மையோர்க்கு நேர்வதை 1956 ஆம் ஆண்டுச் சிங்களச் சட்டத்திற் கண்டோம். ஆனால் முன்னதை எவ்வாறு ஒப்புவது? கல்லாதவர்க்கும், பெண்களுக்கும், சாதியால் ஒடுக்கப்பட்டோர்க்கும் வாக்களித்தல் ஆகாதென அவர் கருதினார். பெண்கல்விக்குத் தம் பொருளை வாரி வழங்கியவர், கற்ற பெண்ணின் வாக்கை அஞ்சியது என் அறிவுக்கு எட்டவில்லை. தம் மக்களுக்குப் பாதுகாவல் வேண்டியவர், அம்மக்களுள்ளேயே பலரை வாயிலுக்குப் புறத்தே நிறுத்தினார். இதனைக் காலத்தின் குறை என்று கழித்துவிட எனக்கு மனமில்லை. அதே காலத்தில் யாழ்ப்பாணத்து வாலிபர் மாநாட்டினர் சாதி வேற்றுமையைக் கண்டித்து வந்தனர்.

1930 இல் இலண்டன் சென்று டொனமூர்த் திட்டத்தை எதிர்த்து முறையிட்டும் பயனில்லை. அவ்வாண்டு நவம்பர் 26 ஆம் நாள் இராமநாதன் காலமானார்.

அடுத்த ஆண்டு அரசாங்க சபைத் தேர்தல் நடைபெற்றது. பூரண சுயாட்சி தரப்படவில்லை என வாலிபர் மாநாடு பகிட்கரித்ததால், யாழ்ப்பாணத்து நான்கு தொகுதிகளும் 1934 வரை வெறுமையாயிருந்தன. பின்னர் நடந்த இடைத்தேர்தலிற் காங்கேசன்துறைக்குத் தெரிவானவர், பரமேசுவரக் கல்லூரி அதிபரும் இராமநாதனின் மருகருமாகிய சு. நடேசன். அத்தேர்தலில் வாக்குரிமை பெற்றிருந்தோருள் மருதனார்மடக் கல்லூரியிற் பயின்று வயது நிரம்பிய பெண்களும் அடங்குவர்.