வீட்டு மின்சாதனங்களின் ஓசைக் கோளாறுகள்

மின்சாதனம் எழுப்பும் ஓசை பெரும்பாலும் ஒன்று காந்தத்தால் பிறக்கும். இல்லையேல் உராய்வாலும் அதிர்வாலும் பிறக்கும். வீடுகளுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டம் இந்தியாவிலும் இலங்கையிலும் நொடிக்கு 50 சுற்று அலைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் காந்தவிசை இருமுறை உச்சம் தொடுவதால், காயிலின் இரும்புத் தகடுகள் நொடிக்கு 100 முறை அதிர்ந்து முனகும். ஸ்டெபிலைசர், பழைய டியூப்லைட்டின் சோக், ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் ஆகியவற்றில் கேட்பது இந்த முனகல்தான். அளவோடு இருக்கும்வரை அது கோளாறு அல்ல. உராய்வு ஓசைகள் பேரிங், பெல்ட், திருகு, இறக்கை போன்ற அசையும் அல்லது தளர்ந்த உறுப்புகளிலிருந்து வருபவை.

ஓசையை விவரிக்கத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. கடகட, சலசல, கிறீச், டக் என்று எதையும் சொல்லிவிடலாம். ஆனால் அதே ‘கடகட’ தேய்ந்த பேரிங்கிலிருந்தும் வரும், தளர்ந்த ஒரு திருகிலிருந்தும் வரும். ஆகவே ஓசை எப்படி இருக்கிறது என்பதைவிட, எப்போது தொடங்கி எப்போது நிற்கிறது என்பதே கோளாறைக் காட்டிக்கொடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் சாதனத்தின் சுவிட்சை அணைத்துப் பார்ப்பது இதற்கான எளிய சோதனை. அணைத்த அந்தக் கணமே ஓசை அறுந்தால் காரணம் மின்சாரம் சார்ந்தது. மோட்டார் சுழன்று ஓயும்வரை ஓசையும் கூடவே தேய்ந்து மறைந்தால் காரணம் இயந்திர உறுப்பு. உடம்புப்பகுதியை உள்ளங்கையால் அழுத்தும்போது சத்தம் அடங்கினால், தளர்ந்த மூடியோ சமமற்ற தரையோ காரணமாக இருக்கும். மெக்கானிக் வரும் நேரத்தில் ஓசை ஒளிந்துகொள்வது பல வீடுகள் கண்ட அனுபவம் என்பதால், கைபேசியில் பதிந்து, ஓடத் தொடங்கிய எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்று குறித்துவைப்பது நல்லது.

இந்தச் சோதனைகளுக்கு நன்றாக இடம்கொடுப்பது சீலிங் ஃபேன். இதன் நடுத்தண்டும் காயிலும் அசையாமல் நிற்க, வெளிக்கூடு இறக்கைகளோடு சுற்றுகிறது. முழு வேகத்தில் ஏறத்தாழ நிமிடத்துக்கு 350 சுற்று. அந்த வேகத்தில் எதையும் எண்ண முடியாது. வேகத்தை முதல் எண்ணுக்குக் குறைத்தால் காதுக்கு வேலை எளிது. ஒரு சுற்றுக்கு ஒரே ‘டக்’ என்றால் ஏதோ ஓர் இறக்கையின் திருகு தளர்ந்திருக்கலாம், அல்லது மேல்கிண்ணம் இறங்கி மோட்டார் கூட்டில் ஓரிடத்தில் உரசலாம். சுற்றுக்கு மூன்று என்றால் மூன்று இறக்கைகளும் ஏதோ ஒன்றை, பெரும்பாலும் தொங்கும் வயரையோ ஒட்டடையையோ, தொட்டுப்போகின்றன.

ஃபேன் ஆடிக்கொண்டே சத்தமிட்டால் எடை சமநிலை குலைந்திருக்கிறது. முதல் குற்றவாளி தூசு. இறக்கைகளைத் துடைத்தாலே பாதி ஆட்டம் நிற்கும். அடுத்து, ஒவ்வொரு இறக்கை நுனிக்கும் கூரைக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதன் தாங்கி வளைந்திருக்கிறது. ஒரு ஃபேனின் இறக்கைகள் எடை பார்த்து ஒரே தொகுதியாகச் சேர்க்கப்படுபவை. வேறு ஃபேனின் இறக்கையைக் கொண்டுவந்து பூட்டினால் ஆட்டம் கூடும். கொக்கியில் ராடு தொங்கும் இடத்திலுள்ள ரப்பர் புஷ் தேய்வதாலும் கிறீச்சிடும். இதைப் பார்க்கும்போதே போல்ட்டின் முனையிலுள்ள பூட்டு ஊசி இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது அவசியம். அது இல்லாத ஃபேனுக்குச் சத்தம் பெரிய கவலை அல்ல.

வேகம் கூடக்கூடக் கரகரப்பு ஏறினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. இங்கே பலர் கையில் எடுப்பது தேங்காய் எண்ணெய். இருபுறமும் தகடு மூடிய இன்றைய பேரிங்குகளில் எண்ணெய் சரியாக உள்ளே போவதில்லை. போகும் கொஞ்சமும் இருக்கும் கிரீஸைக் கரைத்து வெளியேற்றுகிறது. போதாக்குறைக்குத் தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். நாலைந்து நாள் அமைதி கிடைக்கும், பிறகு பழைய கதை. பேரிங்கை மாற்றுவதே தீர்வு. பல ஃபேன்களில் 6202 எண்ணுள்ள பேரிங் இருக்கும். உள்விட்டம் 15 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 35. தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும். வெளிவளையத்தில் சுத்தியலால் அடித்தால் புதுப் பேரிங்கின் குண்டுகள் பள்ளம் பதித்து, முதல் நாளிலிருந்தே இரையும்.

குறைந்த வேகத்தில் மட்டும் முனகும் ஃபேனில் பேரிங்கைத் தேடுவது வீண். மின்னலையை வெட்டி வேகம் குறைக்கும் வகை ரெகுலேட்டர் காயிலை முனக வைக்கிறது. கண்டன்சர் வழியே படிப்படியாக வேகம் மாற்றும் ரெகுலேட்டரைப் பொருத்தினால் அடங்கிவிடும். முனகிக்கொண்டு சுற்றாமலே நின்று, கையால் தள்ளினால் மட்டும் ஓடும் ஃபேனுக்கு மாற்ற வேண்டியது ஃபேனின் கண்டன்சர். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும்.

மிக்சி இயல்பிலேயே கத்தும் சாதனம். அதன் மோட்டார் சுமையின்றி நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுகள் சுழல்வதே காரணம். ஜாரைக் கழற்றி ஒரு நொடி ஓட்டும்போது சத்தம் சீராக இருந்தால் கோளாறு ஜாரிலோ கப்ளரிலோ இருக்கிறது. கப்ளரின் பற்கள் தேய்ந்தால் கடகடவென்று வழுக்கும். ஜாரடியில் சட்னித் தண்ணீர் கசிந்திருந்தால் பிளேடின் புஷ் தேய்ந்திருக்கும். ஜார் இல்லாமலும் சடசடத்து நீலப் பொறி பெரிதாகத் தெரிந்தால் கார்பன் பிரஷ் தீர்ந்துவிட்டது. கிரைண்டரில் சுமை ஏறும்போது கிறீச்சிடுவது பெல்ட் தளர்ந்ததன் அடையாளம்.

ஃபிரிட்ஜில் அச்சமூட்டும் ஓசைகள் பலவும் ஒன்றுமில்லாதவை. குளிர்வாயு ஓடும் களகளப்பும், பிளாஸ்டிக் சுருங்கி விரியும் ‘பட்’டும் அப்படித்தான். மின்தடை முடிந்து மின்சாரம் வந்தவுடன் கம்ப்ரசர் சற்று முனகி ‘டக்’கென்று நிற்பதும் கோளாறு அல்ல, குழாய்க்குள் அழுத்தம் சமமாகச் சில நிமிடம் வேண்டும். ஆனால் எந்நேரமும் சில நிமிடத்துக்கொரு முறை முனகல், ‘டக்’, மௌனம் என்று சுழன்று, குளிர்ச்சியும் குறைந்தால் முதலில் மின்னழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். அது சரியாக இருந்தால் அடுத்தது ரிலேயும் ஓவர்லோடு சுவிட்சும். இவை மலிவானவை, கம்ப்ரசரே போய்விட்டது என்று முடிவுகட்டும் முன் இவற்றை மாற்றிப் பார்ப்பது நியாயம். ஃப்ரீசரின் உள்ளிருந்து உரசல் கேட்டு, கதவைத் திறந்ததும் நின்றால் உள்விசிறியில் பனிக்கட்டி தட்டுகிறது. கத்தியால் குத்தாமல், அணைத்துத் திறந்துவைத்து உருகவிட வேண்டும்.

முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷின் முதல் துவைப்பிலேயே நடனமாடினால், பயணத்தின்போது டிரம்மைப் பிடித்துவைக்கும் பின்பக்கப் போல்ட்டுகளைக் கழற்ற மறந்திருப்பார்கள். தண்ணீர் வெளியேறும்போது மட்டும் கலகலத்தால் பம்பின் வடிகட்டியில் நாணயமோ ஊக்கோ சிக்கியிருக்கும். பிழியும் வேகம் ஏற ஏற விமானம்போல் உறுமினால் டிரம் பேரிங். வெறும் டிரம்மின் மேல்விளிம்பைத் தூக்கிப் பார்க்கையில் அது தொட்டியிலிருந்து விலகி ஆடினால் சந்தேகமே இல்லை. இந்தப் பேரிங் தானாகத் தேய்வது அரிது. அதற்கு முன்னாலுள்ள ரப்பர் சீல் கிழிந்து, சோப்புத் தண்ணீர் உள்ளே போய்த் துருப்பிடிக்க வைக்கிறது. சீலை மாற்றாமல் பேரிங்கை மட்டும் மாற்றினால் அதே வேலை மறுபடி வரும். சில மாடல்களில் தொட்டி பிரிக்க முடியாதபடி ஒட்டப்பட்டிருக்கும். அங்கே தொட்டியையே மாற்ற நேர்ந்து செலவு எகிறும்.

அசையும் உறுப்பே இல்லாத இடத்திலிருந்து வரும் ஓசை தனி வகை. சுவிட்ச், பிளக், மெயின் பெட்டி ஆகியவற்றில் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோன்ற சன்னமான படபடப்பு கேட்டால், தளர்ந்த இணைப்பில் மின்பொறி பாய்கிறது. வீட்டுச் சத்தங்களில் மெல்லியதும் ஆபத்து மிகுந்ததும் இதுவே. பிளாஸ்டிக் கருகும் வாடையோ பழுப்பேறிய சுவிட்சுப் பலகையோ அதை உறுதிப்படுத்தும். மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியன் வந்து திருகை இறுக்கி, கருகிய முனையை வெட்டிப் புதிதாக இணைக்கும்வரை அந்த மின்சுற்றைப் பயன்படுத்தக் கூடாது.