எதிர்காலம் இல்லாத வினை

ஆங்கில வினைச்சொல்லுக்கு எதிர்காலம் கிடையாது என்று நான் சொன்னால் நேயர்கள் சிரிப்பார்கள். ஆயினும் பழைய ஆங்கிலத்தில் வினை உருவங்கள் நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும்தான் உண்டு. நாளைய காரியத்தையும் பெரும்பாலும் நிகழ்காலத்திலேயே சொன்னார்கள். ‘வில்’ விருப்பத்தைக் குறித்த வினை; ‘ஷால்’ கடன்பட்டிருப்பதைக் குறித்தது. இவ்விரண்டையும் இரவல் வாங்கித்தான் எதிர்காலத்தைக் கட்டினார்கள்.

ஜான் வாலிஸ் 1653-இல் லத்தீனில் ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். ஆக்ஸ்போர்டில் கணிதப் பேராசிரியர். முடிவிலிக்குக் குறி போட்டவரும் இவரே. வெறுமே நடக்கப்போவதைச் சொல்ல, தன்மைக்கு ‘ஷால்’, மற்ற இடங்களுக்கு ‘வில்’ என்று வகுத்தார். அயல்நாட்டார் ஆங்கிலம் பயில எழுதிய அந்த விதியைப் பிற்காலத்துப் பள்ளிக்கூடங்கள் வேதமாக்கி, பிள்ளைகளின் மார்க்கை வெட்டியது அநியாயம் என்பேன். ஸ்காட்லாந்துக்காரர்களும் அயர்லாந்துக்காரர்களும் தன்மைக்கும் ‘வில்’லையே போட்டுப் பேசி வந்தார்கள்.